யார் பெரிய குத்துச்சண்டை வீரர்? வாதத்துக்கு முன் செய்யவேண்டிய வேலை: முழுமையான வழிகாட்டி

அலியா, ஜோ லூயிஸா? மெய்வெதரா, ராபின்சனா? இந்த வாதங்கள் பாதியில் முட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் விவரம் தெரியாமை அல்ல, வரிசை தவறுவதுதான். பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற ஆதாரத்தைப் பிறகு தேடுகிறார்கள். ஆதாரத்தை முதலில் அடுக்கிவிட்டுப் பெயருக்குக் கடைசியில் வருவதுதான் இங்கே சொல்லப்படும் முறை. ஒரு வீரருக்கு மூன்று நான்கு மாலைப்பொழுதுகள் தேவைப்படும்.

எல்லாப் படிகளுக்கும் அடிக்கேள்வி ஒன்றே: யாரை, எப்போது, எந்த எடையில் வென்றார்?

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

வீரரின் முழுச் சண்டைப் பதிவு. தேதி, இடம், இருவரின் எடை, முடிவு வந்த ரவுண்டு எல்லாம் அதில் இருக்கவேண்டும். பாக்ஸ்ரெக் போன்ற பதிவுத் தளங்களில் இவை பெரும்பாலும் கிடைக்கும்.

குறைந்தது ஆறு முழுச் சண்டைகளின் காணொளி. மூன்று நிமிடத் தொகுப்புகளை வைத்து வேலை செய்யாதீர்கள். விழுந்த அடியை மட்டும் வெட்டி ஒட்டியிருப்பார்கள், தவறிய அடியும் சும்மா நின்ற ரவுண்டும் அதில் இருக்காது. தற்காப்பில் சிறந்தவர்களுக்குத் தொகுப்புகள் பெரிய அநியாயம் செய்கின்றன.

கோடு போட்ட நோட்டு ஒன்று, சண்டைக்கு ஒரு பக்கம். முடிந்தால் உங்களோடு ஒத்துப்போகாத ஒரு நண்பர்.

1. கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

"பெரியவர்" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முழு வாழ்க்கையில் அதிகம் சாதித்தவர் யார்? உச்சத்தில் இருந்தபோது திறமை மிக்கவர் யார்? இருவரும் மோதினால் வெல்பவர் யார்? ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், விடியும்வரை பேசினாலும் முடிவு வராது.

ராய் ஜோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மிடில்வெயிட்டில் (160 பவுண்டு) சாம்பியனாக இருந்தவர், 2003 மார்ச்சில் ஜான் ரூயிஸை வென்று, எல்லாவற்றிலும் மேலான எடைப்பிரிவான ஹெவிவெயிட்டின் பட்டம் ஒன்றையும் எடுத்தார். 2004-இல் டார்வரும் கிளென் ஜான்சனும் அடுத்தடுத்து அவரை நாக் அவுட் செய்தார்கள். உச்சத்தைப் பற்றிய கேள்விக்கு அந்தத் தோல்விகள் கணக்கில் வரா. முழு வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்கு ஓரளவு வரும். எந்தக் கேள்வி என்று நோட்டின் மேலே எழுதிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகவேண்டும்.

மோதினால் யார் வெல்வார் என்ற மூன்றாவது கேள்வியைப் புதியவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. அதைச் சரிபார்க்க வழியே இல்லை.

2. பதிவை மூன்று துண்டாக வெட்டுங்கள்

வளர்ச்சி, உச்சம், இறக்கம். முதல் பத்துத் தரவரிசைக்குள் இருக்கும் ஒருவரை முதன்முதலாக வென்ற நாளில் உச்சத்தின் தொடக்கத்தைக் குறியுங்கள். வேகமும் கால்களும் தளர்ந்தது இரண்டு சண்டைகளில் தொடர்ந்து தெரிந்தால், அதில் முதலாவதை இறக்கத்தின் தொடக்கமாகக் குறியுங்கள். கோடு ஓராண்டு முன்பின் போனால் குற்றமில்லை. கோடே போடாமல் விடுவதுதான் குற்றம்.

வளர்ச்சிக் கட்டத்தின் எதிராளிகள் பெரும்பாலும் தோற்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அங்கே வந்த 20 வெற்றிகளையும் உச்சத்தில் வந்த 20 வெற்றிகளையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. இறக்கத்துக்கும் இதே நியாயம்தான். சுகர் ரே ராபின்சனின் பதிவில் 19 தோல்விகள் இருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1940-இல் தொழில்முறைக்கு வந்தவர் 1951 ஜூலையில் லண்டனில் ராண்டி டர்பினிடம் தோற்கும்வரை, நூற்றுக்கும் மேற்பட்ட சண்டைகளில் ஒரே ஒரு முறைதான் தோற்றிருந்தார், 1943-இல் ஜேக் லமாட்டாவிடம். மற்றத் தோல்விகளில் பெரும்பாலானவை 1965 வரை விடாமல் ஆடியதன் விலை.

தோல்வியே இல்லாத பதிவில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். மார்சியானோ 49-0, மெய்வெதர் 50-0. சரியான நேரத்தில் விலகினார், அதுவரை தோற்கவில்லை என்பதற்கு மேல் அந்தச் சுழி எதையும் சொல்லாது. யாரை வென்றார் என்பது அடுத்த படியில்தான் தெரியும்.

3. எதிராளிப் பட்டியலைத் தயாரியுங்கள்

நேரத்தில் பாதியை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள். வீரரின் சிறந்த 12 வெற்றிகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து விவரங்கள் வேண்டும்: அன்று எதிராளியின் வயது, அதற்குமுன் அவர் ஆடிய கடைசி மூன்று சண்டைகளின் முடிவு, எத்தனை மாதம் ஆடாமல் இருந்தார், அது அவருடைய வழக்கமான எடைதானா, அதன்பிறகு அவர் யாரையாவது வென்றாரா.

பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் ஒருவரே அல்ல என்பது இந்த ஐந்தில் வெளிப்பட்டுவிடும். 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியர் வென்ற முகமது அலிக்கு 29 வயது. அதுவரை தோற்றதில்லை. நீண்ட தடைக்குப் பிறகு திரும்பி வந்து இரண்டு சண்டைகளும் ஆடியிருந்தார். 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸ் வென்ற அலிக்கு 38 வயது, இரண்டு ஆண்டுகளாக வளையத்துக்குள் வரவே இல்லை. இரண்டு பதிவுகளிலும் "அலியை வென்றார்" என்றுதான் இருக்கும். முதலாவது ஒரு வாழ்நாள் சாதனை. இரண்டாவதற்கு ஹோம்ஸின் கணக்கில் சுழிதான் போடவேண்டும். அவர் மிகப் பெரிய வீரர் என்பதற்கு 1978-இல் கென் நார்டனோடு ஆடிய 15 ரவுண்டுகள் போதும்.

இதே அலி 1974-இல் கின்ஷாசாவில் வென்ற ஃபோர்மேனை அட்டவணையில் போட்டுப் பாருங்கள். வயது 25, பதிவு 40-0. ஃபிரேசியரையும் நார்டனையும் தலா இரண்டே ரவுண்டுகளில் முடித்தவர். ஐந்து கட்டங்களிலும் குறை சொல்ல இடமில்லை. இப்படிப்பட்ட வெற்றிக்கு மூன்று மதிப்பெண், ஒரு கட்டத்தில் குறை இருந்தால் இரண்டு, இரண்டு மூன்று குறை இருந்தால் ஒன்று, பெயர் மட்டும்தான் மிச்சம் என்றால் சுழி. கூட்டல் முக்கியமில்லை. மூன்று வாங்கிய வெற்றிகள் எத்தனை என்று மட்டும் பாருங்கள்.

அட்டவணையை இரு பக்கமும் பிடியுங்கள். 2015-இல் மெய்வெதர் வென்ற பாக்கியாவுக்கு 36 வயது, மார்க்வெஸ் அவரை நாக் அவுட் செய்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இதைச் சொல்பவர்கள் மெய்வெதருக்கு அப்போது 38 என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய பதிவில் அதைவிடக் கனமான வெற்றி 2001 ஜனவரியில் டியேகோ கொரால்ஸ் மீது வந்தது. 23 வயது, 33-0 என்ற பதிவோடு வந்தவரை ஐந்து முறை தரையில் விழவைத்தார். கொரால்ஸ் 130 பவுண்டுக்கு இறங்கச் சிரமப்பட்டவர் என்பதால் எடைக் கட்டத்தில் ஒரு குறை போடலாம். அப்படியும் இரண்டு வாங்கும் வெற்றி அது.

பட்டம் இல்லாத எதிராளியைத் தள்ளிவிடாதீர்கள். எஸ்ஸார்ட் சார்ல்ஸ் லைட் ஹெவிவெயிட் (175 பவுண்டு) பட்டத்தை வென்றதே இல்லை. ஆனால் 1946-க்கும் 1948-க்கும் இடையில் ஆர்ச்சி மூரை மூன்று முறை வென்றார். மூருக்கே பட்டத்துக்கான வாய்ப்பு 1952-இல்தான் கிடைத்தது. சாம் லாங்ஃபோர்ட் உலகப் பட்டம் இல்லாமலே போனார். ஜாக் ஜான்சன் சாம்பியனான பிறகு அவரோடு மோதவில்லை. நிறவெறி வாசலை அடைத்திருந்த காலத்தில் பெல்ட்டை (உலகப் பட்டத்தை) மட்டும் எண்ணினால், அந்த அநியாயத்தை நாமும் ஒருமுறை செய்தவர்களாகிறோம்.

ஒரு எச்சரிக்கை. பழைய பதிவில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையான சண்டை அல்ல. 1947-இல் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதாக லமாட்டாவே 1960-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

4. ரவுண்டுகளை நீங்களே எண்ணுங்கள்

புள்ளிகளில் முடிந்த பெரிய சண்டைகளை நடுவர் தீர்ப்போடு அப்படியே ஏற்காதீர்கள். செய்முறை இது:

ஒலியை முழுதாக அணையுங்கள். கூட்டம் உள்ளூர்க்காரரின் அடிக்குத்தான் கத்தும், கையுறையில் பட்ட அடிக்கும் கத்தும். வர்ணனையாளர் முதல் ரவுண்டில் ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே சொல்வார்.

மணி அடித்ததும், இடைவேளையின் முதல் 15 நொடிக்குள் எழுதிவிடுங்கள். வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒருமுறை விழுந்திருந்தால் பொதுவாக 8. மறுகாட்சியைப் பார்த்துவிட்டு எழுதினால், அதில் காட்டிய ஓர் அடி மூன்று நிமிடத்தையும் விழுங்கிவிடும்.

நிச்சயமில்லாத ரவுண்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள், பயன் அதிகம் தருவதும் இதுதான்.

முதல் அளவுகோல் சுத்தமாக, வலுவாகப் பட்ட அடி. பயனுள்ள தாக்குதல், வளையத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, தற்காப்பு ஆகியவை அடி சமமாக இருக்கும்போது துணைக்கு வருபவை. முன்னால் நடந்துகொண்டே இருப்பது தாக்குதல் ஆகாது. நடந்துபோய் அடி வாங்கினால் அது எதிராளியின் ரவுண்டு. முன்னேறுபவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ரவுண்டு கொடுப்பது புதியவர்களின் முதல் தவறு, கடைசி 20 நொடி ஆரவாரத்துக்கு மயங்குவது இரண்டாவது.

மூன்றாவது தவறு நுட்பமானது. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினார் என்பதற்காக ரவுண்டு கொடுப்பது. 1987-இல் ஹாக்லரோடு மோத லெனார்ட் மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்தார். அவர் நின்று ஆடியதே பலருக்கு வெற்றியாகத் தெரிந்தது. ஒலியை அணைத்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். இடக்கை நிலைக்காரரான ஹாக்லர் தொடக்க ரவுண்டுகளில் வலக்கை நிலையில் நின்று அவற்றைத் தாரை வார்த்தார். நடு ரவுண்டுகள் நெருக்கமானவை. 115-113 என்று ஆளுக்கு ஒரு நடுவர் கொடுத்ததைப் புரிந்துகொள்ளலாம். மூன்றாமவர் லெனார்டுக்குக் கொடுத்த 118-110-க்கு விளக்கம் கிடைக்காது.

முடிந்ததும் நட்சத்திரங்களை எண்ணுங்கள். உங்கள் கணக்கில் அ என்பவர் 7 ரவுண்டு, ஆ என்பவர் 5, அதாவது 115-113. அ வென்ற ஏழில் மூன்று நட்சத்திரம் என்றால், அவற்றைத் திருப்பும்போது 4-8, அதாவது 112-116. அப்படியானால் தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் அது மோசடி இல்லை. எல்லா நட்சத்திர ரவுண்டுகளையும் எதிராளிக்கே கொடுத்த பிறகும் அ-வே ஜெயித்தால்தான் மோசடி என்ற சொல்லை எடுக்கலாம். 1999 மார்ச்சில் லெனாக்ஸ் லூயிஸ்–ஹோலிஃபீல்ட் முதல் மோதலை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். ஒரு நடுவர் ஹோலிஃபீல்டுக்கு 115-113 கொடுக்க, அது சமன் என்று அறிவிக்கப்பட்டது. லூயிஸ் அன்று வென்றார் என்பது என் கணக்கு. 2017-இல் கனேலோ–கோலோவ்கின் முதல் மோதல் சமனானதில் பெரிய அநியாயம் இல்லை, அதில் கனேலோவுக்கு 118-110 என்று வந்த ஒரு நடுவரின் புள்ளித்தாள்தான் அநியாயம்.

ஒரு நாக் டவுனின் (அடியில் நிலைகுலைந்து விழுவதன்) மதிப்பு தெரிய 2024 மே மாத உசிக்–ஃப்யூரி சண்டையைப் பாருங்கள். தாள்கள்: உசிக் 115-112, ஃப்யூரி 114-113, உசிக் 114-113. ஒன்பதாம் ரவுண்டில் ஃப்யூரிக்கு எண்ணப்பட்டது, அதாவது அது நாக் டவுனாகக் கணக்கில் வந்தது. அந்த ரவுண்டு 10-8 ஆகாமல் 10-9 ஆக இருந்திருந்தால் தாள்கள் 115-113, 115-113, 114-114 என்று மாறி, சண்டை சமனாகியிருக்கும். நான்கு பெரிய அமைப்புகளின் பெல்ட்டும் அந்த ஒரு புள்ளியில் தொங்கின.

5. தோல்விக்கும் அட்டவணை போடுங்கள்

மூன்று கேள்விகள்: எந்தக் கட்டத்தில் வந்த தோல்வி, எப்படி வந்தது, திரும்ப ஆடித் தீர்த்தாரா?

லெனாக்ஸ் லூயிஸ் இரண்டு முறை தோற்றார், மெக்காலிடமும் ரஹ்மானிடமும். இருவரையும் மறுபடி சந்தித்து வென்றுவிட்டுத்தான் விலகினார். தோல்வியே இல்லாத சில பதிவுகளைவிட இது கனமானது என்பேன்.

மதிப்பைக் கூட்டும் தோல்வியும் உண்டு. 1952 ஜூனில் ராபின்சன், லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமோடு நியூயார்க்கில் கொடும் வெயில்காலத்தில் மோதினார். மாக்சிம் அவரைவிட 15 பவுண்டு அதிகம். மூன்று தாள்களிலும் ராபின்சன் முன்னிலை. வெப்பம் தாங்காமல் 14-ஆம் ரவுண்டுக்கு எழ முடியவில்லை, ரெஃப்ரியே பாதியில் மாற்றப்பட்டார். பதிவில் இது வெறும் ஒரு தோல்வி.

6. பெல்ட்டை எண்ணுவதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம்

17 எடைப்பிரிவு, நான்கு பெரிய அமைப்புகள் (டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ). 17 × 4 = 68 பெல்ட்டுகள். "சூப்பர்", "ரெகுலர்", "இடைக்கால" என்று கூடுதலாக வருபவை தனி. முதல் வேலையாகப் பெல்ட்டை எண்ணினால், சந்தையில் சரக்கு பெருகிய காலத்தவர் எல்லாம் பெரியவராகத் தெரிவார். அதனால்தான் ஆறாம் இடம்.

எண்ணும்போது, "பட்டத்தை யாரிடமிருந்து எடுத்தார்?" என்று கேளுங்கள். முந்தைய சாம்பியனை வளையத்தில் வென்று எடுத்ததற்கு முழு மதிப்பு. காலியாகக் கிடந்ததை எடுத்திருந்தால், எதிரே நின்றவர் அந்தப் பிரிவின் முதல் மூவரில் ஒருவரா என்று பாருங்கள்.

பாக்கியாவின் "எட்டு எடைப்பிரிவு" என்ற எண்ணையும் பிரித்துப் படிக்கவேண்டும். எட்டில் ஃபெதர்வெயிட்டிலும் சூப்பர் லைட்வெயிட்டிலும் அவர் வென்றது அந்தப் பிரிவின் உண்மையான முதல் ஆளை (பரேரா, ஹாட்டன்), நான்கு அமைப்புகளின் பெல்ட்டை அல்ல. மாறாக 154 பவுண்டு பட்டத்துக்கான சண்டை 150 பவுண்டு வரம்பில் நடந்தது. பெல்ட் இல்லாத அந்த இரண்டு வெற்றிகள் பெல்ட் இருந்த இதைவிடப் பெரியவை.

7. எடைப்பிரிவுகளை ஒரே கோட்டில் வையுங்கள்

பழைய காலத்தில் பெரும்பாலும் எட்டே பிரிவுகள். 147-இலிருந்து அடுத்த படி 160. இன்று நடுவே 154 இருக்கிறது. ஆகவே பிரிவுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பவுண்டுகளை எண்ணுங்கள்.

ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938-இல் ஃபெதர்வெயிட் (126), லைட்வெயிட் (135), வெல்டர்வெயிட் (147) மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். இன்றைய கணக்கில் 126, 130, 135, 140, 147 என ஐந்து படிகளின் பரப்பு அது.

எடை பார்க்கும் நேரத்தையும் கவனியுங்கள். முன்பு சண்டை நாளன்றே பார்த்தார்கள், இப்போது முந்தைய நாள். உடலின் நீரை வற்றவைத்து எடை காட்டிவிட்டு, ஓர் இரவில் பத்துப் பதினைந்து பவுண்டு ஏற்றிக்கொண்டு வருபவர்கள் உண்டு. 1950-இன் வெல்டர்வெயிட்டும் இன்றைய வெல்டர்வெயிட்டும் வளையத்துக்குள் ஒரே உடம்பு அல்ல.

8. காலத்தைத் தாண்டி ஒப்பிடும்போது விதியையும் தாண்டிப் பாருங்கள்

பட்டச் சண்டைகள் 1980-களில்தான் 15 ரவுண்டிலிருந்து 12-க்குக் குறைந்தன. இந்த மூன்று ரவுண்டு சரித்திரத்தையே மாற்றும். 1952-இல் மார்சியானோ, ஜெர்சி ஜோ வால்காட்டை 13-ஆம் ரவுண்டில் வீழ்த்திப் பட்டம் எடுத்தார். அதுவரை மூன்று தாள்களிலும் பின்தங்கியிருந்தார். 12 ரவுண்டு என்றால் 49-0 என்ற எண்ணே இருந்திருக்காது. 1981-இல் லெனார்ட் 14-ஆம் ரவுண்டில் ஹெர்ன்ஸை நிறுத்தியபோதும் ஹெர்ன்ஸ்தான் எல்லாத் தாள்களிலும் முன்னிலை.

இதனால் மார்சியானோவோ லெனார்டோ சிறுத்துவிடவில்லை. 15 என்று தெரிந்துதான் அவர்கள் மூச்சைப் பங்கிட்டு ஆடினார்கள். ஒருவரை அவர் காலத்து விதியில், அவர் காலத்தவரோடு ஒப்பிட்டு எவ்வளவு தூரம் முன்னே நின்றார் என்று அளந்துவிட்டு, அந்தத் தூரத்தை மற்றவர் முன்னே நின்ற தூரத்தோடு ஒப்பிடுங்கள். உடற்பயிற்சியையும் உணவையும் காட்டிப் பழையவர்களை ஒதுக்குபவர், 1937-இல் ஆம்ஸ்ட்ராங் 27 சண்டைகள் ஆடி 27-ஐயும் வென்றார் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

9. "பாக்ஸிங் செத்துவிட்டதா?" என்ற கேள்விக்கு அளவுகோல்

இந்த வாதத்தை வீரர் ஒப்பீட்டோடு கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு எடைப்பிரிவை எடுத்துக்கொண்டு மூன்று விஷயங்களை மட்டும் எண்ணவேண்டும்.

அ) முதல் ஐந்து பேரில் எத்தனை ஜோடிகள் தங்களுக்குள் மோதியிருக்கின்றன? ஐந்து பேருக்குள் சாத்தியமான ஜோடிகள் பத்து. லெனார்ட், ஹெர்ன்ஸ், ஹாக்லர், டுரான் நால்வருக்குள் ஆறு ஜோடிகள், ஆறும் மோதின, 1980-க்கும் 1989-க்கும் இடையில் மொத்தம் ஒன்பது சண்டைகள்.

ஆ) பேச்சு தொடங்கியதிலிருந்து சண்டை நடக்க எத்தனை ஆண்டு? மெய்வெதர்–பாக்கியாவ் பேச்சு 2009-இல் சூடுபிடித்தது, சண்டை 2015-இல். கிராஃபோர்டும் ஸ்பென்ஸும் 2018-இலேயே ஒரே எடையில் சாம்பியன்கள், மோதியது 2023 ஜூலையில்.

இ) சாம்பியன் ஆண்டுக்கு எத்தனை முறை வளையம் ஏறுகிறார்? இப்போது ஒன்று அல்லது இரண்டு. என் பார்வையில் விளையாட்டின் உண்மையான நோய் இதுதான்.

தொலைக்காட்சியை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். அமெரிக்காவில் எச்பிஓ 2018-இலும் ஷோடைம் 2023-இலும் குத்துச்சண்டையைக் கைவிட்டன. அதை ஒட்டிய காலத்தில் உசிக் குரூசர்வெயிட்டிலும் (ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே) ஹெவிவெயிட்டிலும், இனோவே 118, 122 பவுண்டுப் பிரிவுகளிலும், கிராஃபோர்ட் 140, 147, 168 என மூன்றிலும் நான்கு பெல்ட்டுகளையும் சேர்த்தார்கள். 2022-இல் கேட்டி டெய்லரும் அமாண்டா செர்ரானோவும் மேடிசன் ஸ்கொயர் கார்டனின் முதன்மைச் சண்டையில் நின்றார்கள். பணமும் இடமும் மாறியிருக்கின்றன, திறமை வற்றவில்லை.

10. தீர்ப்பை எழுதும் விதம்

மூன்று வாக்கியம் போதும். முதல் வாக்கியத்தில் கேள்வி எது என்று சொல்லுங்கள். இரண்டாவதில் மூன்று மதிப்பெண் வாங்கிய வெற்றிகள். மூன்றாவதில் உங்கள் ஆளுக்கு எதிரான மிக வலுவான உண்மை. இந்த மூன்றாவதை நீங்களே எழுதாவிட்டால் எதிரே இருப்பவர் அதைத்தான் முதலில் எடுப்பார்.

மாதிரி: "முழு வாழ்க்கைச் சாதனையில் சார்ல்ஸ் லைட் ஹெவிவெயிட்டின் முதல் ஆள். மூரை மூன்று முறை வென்றார், அதுவும் மூர் பட்டம் எடுப்பதற்கு முந்தைய ஆண்டுகளில், இருவரும் முழு வலுவோடு இருந்தபோது. அந்த எடையில் அவர் ஒரு பட்டச் சண்டைகூட வென்றதில்லை."

இந்த மூன்று வரியை நண்பரிடம் கொடுத்து, இரண்டாவது வரியில் உள்ள சண்டைகளை அவரையும் ஒலியை அணைத்துப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். காணொளி கிடைக்காத சண்டையானால் அன்றைய செய்தித்தாள் வர்ணனை இரண்டையாவது ஒப்பிட்டுப் படிக்கவேண்டும். நட்சத்திரம் போட்ட ரவுண்டுகளில் இருவரும் வேறுபட்டால் அதை அப்படியே விட்டுவிடலாம். நட்சத்திரம் இல்லாத ரவுண்டில் வேறுபட்டால், அந்த ரவுண்டை இருவரும் சேர்ந்து மறுபடி பாருங்கள்.